கடிக்கிறவனுக்குப் பால்

அன்புள்ள மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இத்தனை வருஷம் ஒரே பிள்ளையாக இருந்த உன்னை மூத்தவள் என்று எழுதக் கை இன்னும் பழகவில்லை, பொறுத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல், பாலத்து இரும்பைச் சோதிக்கத் தொங்குகிறபோது இடுப்பில் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்து, நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே அப்பாவுக்கு இடுப்பு வலி, தம்பிக்குப் பல் முளைக்கிற வலி, எனக்கு அந்தப் பல்லால் வலி, மற்றபடி மூன்று பேரும் சுகம். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எனக்குப் போனில் உண்மை பேச வருவதில்லை, அதுதான் காரணம். மின்சார ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, கரண்ட் போய்விட்டது என்று கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் “ஆள் போயிருக்காங்க, இப்ப வந்துடும்” என்று சொல்லிச் சொல்லி, ஒரு ஆளும் போகாதபோதும் அதையே சொல்லிச் சொல்லி, நீ கூப்பிட்டு “எப்படிம்மா இருக்கே” என்று கேட்டால்கூட அதே குரலில் “நல்லா இருக்கேன், எல்லாம் சரியாயிடும்” என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. எழுதுகிறபோது அந்தக் குரல் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார், “அவகிட்ட பேசிட்டேன். வேலைய விட்டுட்டு வந்து தம்பியப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டா. மாசக் கடைசில எழுதிக் குடுத்துடுவாளாம்” என்று. வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் அப்படியே நின்றது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இவ்வளவு நடந்திருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அந்த ராஜினாமாவை எழுதியிருந்தால் கொடுக்காதே. கொடுத்துவிட்டிருந்தால் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டுப் பார். இதை முழுக்கப் படித்த பிறகு உன் முடிவை எடு. அப்பா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் மீதிப் பாதியை நான் அவரிடமே சொல்லவில்லை.

தம்பியை நீ போட்டோவில் பார்த்ததோடு சரி. போட்டோவில் சாதுவாக இருப்பான், நம்பாதே. கீழ்வீட்டு டெய்லரக்கா அவனுக்குக் கட்டெறும்பு என்று பேர் வைத்திருக்கிறாள். நான் வேலைக்குப் போகிறபோது அவளிடம்தான் விட்டுவிட்டுப் போகிறேன். அப்பா விடியுமுன் பார்சல் வேனை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் வந்து அவனை மேலே தூக்கிக்கொண்டு வருவார், அப்புறம் நான் வந்து சேர்வேன். அவன் வயிற்றில் இருக்கிறான் என்று நான் சொன்ன அன்று நீ “இந்த வயசுலயாம்மா” என்று கேட்டாய். அதையே டாக்டரம்மாவும் கேட்டார், ஆபீசில் சூப்பர்வைசர் கண்ணாலேயே கேட்டார், கண்ணாடி தினமும் கேட்டது, எதுவும் எனக்கு உறைக்கவில்லை. நீ கேட்டது மட்டும் சுட்டது. ஆனால் அந்தச் சூடு எப்போதோ ஆறிவிட்டது. அதற்கு ஈடு கட்டுகிற மாதிரி நினைத்துக்கொண்டு நீ வேலையை விடுவதாக இருந்தால், அப்படி ஒரு கணக்கே நம் இரண்டு பேருக்கும் நடுவில் இல்லை.

அவனுக்கு வேறு பால் ஆகாது என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் திரும்ப வேலைக்குச் சேர்ந்த புதிதில் டப்பா பால் கலக்கிக் கொடுத்துப் பார்த்தோம். உடம்பெல்லாம் தடித்து, வெளிக்குப் போனதில் ரத்தம் கலந்து வந்து, அப்பா டெலிவரி பண்ண வேண்டிய பார்சலோடு வேனை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு மாட்டுப் பால், மாட்டுப் பாலில் செய்த பவுடர் எதுவும் வேண்டாம், அவன் உடம்பு ஏற்றுக்கொள்கிற வரைக்கும் தாய்ப்பால்தான், கூட மசித்த பழம், கிழங்கு கொடுங்கள் என்றார். என்னையும் பால், தயிர் பக்கம் போகாதே என்றார். அதற்கென்று வேறு மாதிரி ஒரு பவுடர் இருக்கிறதாம், இங்கே எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆகவே உலகத்தில் அவன் குடிக்கக்கூடிய பால் எங்கேயிருக்கிறது என்றால் என் சட்டைக்குள் இருக்கிறது. முதலில் அது பெருமையாக இருந்தது. பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்புறம் கீழே இரண்டு பல் வந்தது. அரிசி நுனி மாதிரி அவ்வளவு அழகு. டெய்லரக்கா அவன் வாயில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு “ஐயோ, என் கத்திரிக்கோலுக்கே இவ்வளவு கூர் இல்லடி” என்றாள். அதற்கு அடுத்து மேல் ஈறு தடித்துச் சிவந்து, எச்சில் ஒழுகி மார்பெல்லாம் நனைந்து, சாவி, சீப்பு, அப்பாவின் பெல்ட் என்று அகப்பட்டதையெல்லாம் மெல்ல ஆரம்பித்தான். ஒரு நாள் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் குடித்தான். வயிறு நிறைந்து கண் செருகுகிற நேரத்தில் நறுக்கென்று ஒரு கடி. நான் போட்ட கூச்சலில் கீழே தையல் மெஷின் நின்றுவிட்டது. அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான், கீழ் உதடு பிதுங்கியது, அப்புறம் மூச்சே திரும்பாமல் அழுதான். எனக்கு ரத்தம் வந்திருந்தது. அவனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

மறுநாள் காலையில் மார்புக்குப் பக்கத்தில் கொண்டு போனதும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினான். பசிக்கும் அழுகிறான், பாலைப் பார்த்தும் அழுகிறான். தன்னைப் பார்த்துக் கூச்சல் போடுகிற சாமான் அது என்று முடிவு பண்ணிவிட்டான் போலிருக்கிறது. அன்றைக்கு முழுக்க வாய் வைக்கவில்லை, அடுத்த நாளும் இல்லை. பீய்ச்சி எடுத்து ஸ்பூனில் கொடுத்தால் பாதி குடிப்பான், பாதியைத் துப்புவான். டெய்லரக்கா, “கடிச்சா கன்னத்துல ஒன்னு போடு, அப்புறம் கடிப்பானா பாரு” என்றாள். உன் அத்தை போனில், “கசப்பா எதையாவது தடவி நிறுத்திடுங்க அண்ணி, குடுத்த வரைக்கும் போதும்” என்றாள். ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள், அத்தனையும் எனக்கு மூடியிருக்கிற வழி. அடித்தால் இன்னும் பயப்படுவான், நிறுத்தினால் குடிக்க ஒன்றுமில்லை.

தடுப்பூசி போடப் போனபோது அங்கே இருக்கிற நர்ஸிடம் சொன்னேன். பொறுமைசாலி, ஒரு கையால் அவன் தொடையைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். “அவன் குடிக்காத நேரமெல்லாம் நீங்க பீய்ச்சி எடுத்துடணும்மா. உள்ளயே தங்குச்சுன்னா இனிமே தேவையில்ல போலன்னு உடம்பு நிறுத்திடும். அவன் நல்லா முழிச்சிருக்கும்போது மல்லுக்கு நிக்காதீங்க, தூக்கக் கலக்கத்துல குடுங்க. ஈறு நமநமங்குது, அதான் கடிக்கிறான், உங்க மேல கோவமா என்ன? குடுக்கறதுக்கு முன்னாடி குளுந்த ஈரத்துணியக் கடிக்க விடுங்க. அப்படியும் கடிச்சா வெடுக்குனு இழுக்காதீங்க, புண்ணாயிடும். இன்னும் கிட்ட அணைச்சுக்கோங்க, மூக்கு லேசா அழுந்துனதும் மூச்சுக்கு வாயத் தொறந்துடுவான்” என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடிக்கிறவனைக் கிட்டே இழுப்பதற்குக் கை வர வேண்டுமே, கை உதறத்தானே போகிறது. அதுவும் அவன் வாய் வைத்தால்தானே கடிக்கிற பேச்சு.

ஆபீசில் என் நாற்காலியை உனக்குத் தெரியும். முன்பு இரண்டு பேர் உட்கார்ந்த மேஜை, பக்கத்து நாற்காலிக்காரியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ஆள் போடவில்லை. போனை யாராவது எடுத்தாக வேண்டும், நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, அதுதான் சட்டம். நான் லைன்மேன்கள் யாராவது உள்ளே வருகிற நேரம் பார்த்து, “ஒரு நிமிஷம் இதப் பாத்துக்கங்க” என்று ரிசீவரை அவர்கள் கையில் திணித்துவிட்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடுவேன். கழற்றிப் போட்ட பழைய மீட்டர்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிற அறை அது. ஜன்னல் இல்லை. கதவுக்கு உள்தாழ் கிடையாது, ஒரு காலை நீட்டிக் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டு, மீட்டர் பெட்டி மேல் உட்கார்ந்து பாட்டிலில் பீய்ச்சுவேன். முதலில் பாட்டில் கழுத்து வரைக்கும் வரும். அவன் குடிப்பதை நிறுத்திய பிறகு பாதி ஆனது, அப்புறம் அடியை மட்டும் மூடியது. அதைக் கொண்டு போய் லைன்மேன்களின் சாப்பாட்டுப் பைகளோடு ஃப்ரிட்ஜில் வைப்பேன். ஒரு நாள் வயதான லைன்மேன் அதை எடுத்து டீயில் ஊற்றப் போய்விட்டார். “அண்ணே, அது என் பையனோடது” என்று நான் கத்தியதும் அவர் பாட்டிலைக் கீழே வைத்த பணிவைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வரவில்லை. “உங்க சொந்த வேலைய வீட்டோட வெச்சுக்கங்க. போன் அடிச்சு எடுக்கலன்னா எனக்குத்தான் மேலேருந்து வருது” என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு மேலேயும் ஒரு போன் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா. வீட்டில் இருந்தால் அவன் வாய்க்காகக் காத்திருக்க வேண்டும், ஆபீசில் இருந்தால் போன் மணிக்குக் காத்திருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறபோது எதிலிருந்து எதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வர வேண்டும். குளிக்கிறபோதுகூடக் காது கதவுக்கு வெளியில் இருந்தது. சொந்தமாக ஒரு தும்மல் போட நேரமில்லை.

இப்போது எழுதப்போவதுதான் அப்பாவுக்கு நான் சொல்லாதது. போன மாதம் ஒரு நாள் காற்றும் மழையுமாக அடித்து பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. காலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. லைன்மேன்கள் ஒருத்தரும் ஆபீஸ் பக்கம் வரவில்லை, எல்லோரும் கம்பத்தில். வைக்கிறதுக்குள் அடுத்த மணி. ஒருத்தர் திட்டினார், ஒருத்தர் கெஞ்சினார், ஒரு பெரியவர் “இருட்டுல தனியா இருக்கேம்மா, சும்மா பேசிக்கிட்டிரு” என்றார். ஒரு தடவை எழுந்து ஸ்டோர் ரூம் பக்கம் இரண்டடி வைத்தேன், சூப்பர்வைசர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கரண்ட் திரும்ப வந்து நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், மார்பு கனக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அந்நேரத்துக்குக் கல்லாகிச் சட்டை உரசினாலே உயிர் போயிருக்கும். தொட்டுப் பார்த்தேன், துணி மாதிரி இருந்தது. முடிந்துவிட்டது, வற்றிவிட்டது என்று நினைத்தேன். அடுத்து எனக்கு வந்தது பயம் என்று எழுதினால் நல்ல அம்மாவாக இருக்கும். வந்தது நிம்மதிதான். அப்பாடா என்று இருந்தது. இனி யாரும் என்னைக் கேட்க முடியாது, இருந்தால்தானே கொடுப்பதற்கு என்று. அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது, அவன் எதைக் குடிப்பான் என்று. நம் நிறுத்தம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

எங்கே போகலாம் என்று எந்த யோசனையும் இல்லை, அதை நீ நம்ப வேண்டும். உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்தது, நான் பார்க்காத கடைகள், நான் பார்க்காத வீடுகள், யாரோ ஒருத்தி மாடியில் நின்று பல் தேய்க்கிறாள், எதுவும் என்னைக் கேட்கவில்லை. பையில் போன் அடித்தது, அப்பாதான், எடுக்கவில்லை. நாளெல்லாம் எல்லோர் போனையும் எடுத்தவள் அவர் போனை எடுக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியாகிவிட்டது. கண்டக்டர் ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவள், பைக்குள் சில்லறையைப் போட்டுக்கொண்டே வந்து, “அக்கா, இதுக்கு மேல பஸ் போகாது” என்றாள். நான் எழுந்திருக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, “திரும்பி வர்றதா இருந்தா உக்காருங்க, டீ குடிச்சிட்டு எடுத்துடுவோம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பக்கத்தில் நின்றிருந்த வேறொரு பஸ்ஸில் யாருடைய குழந்தையோ அழ ஆரம்பித்தது. பசி அழுகை, எனக்குத் தெரியும், ஆரம்பத்தில் சிணுங்கி அப்புறம் இழுத்து இழுத்து அழுவது. அந்தக் குழந்தையின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஊசி குத்துகிற மாதிரி சுருக்கென்றது, சட்டை நனைந்தது, நனைந்துகொண்டே இருந்தது. வற்றவில்லையடி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, போனை எடுக்காமல், நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன், என் உடம்பு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் யார் குழந்தைக்கோ பதில் சொல்கிறது. எங்கே போனாலும் இது கூடவே வரும் என்று அப்போது தெரிந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். திரும்பி ஏறிய கண்டக்டர் பார்த்துவிட்டு “எத்தனை மாசம்?” என்று கேட்டாள். “ஒம்பது” என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட்டும் கேட்கவில்லை. போய் டிரைவரிடம் ஏதோ சொன்னாள், அவர் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். தம்பி அவர் தோளில் கிடந்தான், அழுது அழுது தொண்டை கட்டி, விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்பாவின் சட்டையெல்லாம் மசித்த வாழைப்பழம். எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் “வேலை” என்று பொய் சொல்லியிருப்பேன். ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்து கையை நீட்டினேன். அரைத்தூக்கத்தில் இருந்தவன் மூக்கால் மோந்து மோந்து தேடினான், கண்ணைத் திறக்காமலே பிடித்துக்கொண்டான். எத்தனை நாளைக்கு அப்புறம். முதலில் சும்மா சப்பினான், அப்புறம் தொண்டையில் இறங்குகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கமும் குடித்தான். முடிகிற நேரத்தில் கடித்தான். எனக்குக் கண்ணில் நட்சத்திரம் பறந்தது, ஆனால் அன்றைக்கு உதற எனக்குத் தெம்பே இல்லை, சாய்ந்து அப்படியே அவனை இறுக்கி அணைத்துக்கொண்டேன். வாயைத் திறந்துவிட்டான். கண்ணையும் திறந்து என்னைப் பார்த்தான், கத்தப் போகிறாளா என்று பார்க்கிற பார்வை. நான் கத்தவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பவும் வாய் வைத்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா, “நான் பயந்துட்டேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. உன்னைக் கூப்பிட்டு வரச் சொன்னது அந்தப் பயத்தில்தான். உன் வேலையை அவர் சின்னதாக நினைக்கவில்லை. நான் ஒரு நாள் பஸ்ஸில் ஏறித் திரும்பாமல் போய்விடுவேனோ என்று நினைத்திருக்கிறார், காரணம் தெரியாமலே.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன், அது ஆபீஸ் குரல். தினமும் கடிக்கிறான். பாதி தடவை கத்தாமல் அணைக்கிறேன், பாதி தடவை கத்திவிடுகிறேன், ஆனால் விட்டுவிட்டுப் போவதில்லை, திரும்ப வருகிறான். பால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, பாட்டில் இப்போது பாதிக்கு வருகிறது. சூப்பர்வைசரிடம் நேராகப் போய் நின்றேன். “நாற்காலிதான் காலியா இருக்கக் கூடாதுன்னா போனை ஸ்டோர் ரூமுக்கு இழுத்துக் குடுங்க, அங்க உக்காந்து எடுக்கறேன். அதுவும் முடியாதுன்னா இந்த மேஜை மேலயே உக்காந்து பீய்ச்சறேன், வர்றவங்க பாத்துட்டுப் போகட்டும்” என்றேன். அவர் முகம் போன போக்கு! டீயில் ஊற்றப் போன பாட்டிலுக்காக என்னிடம் கடன்பட்டிருந்தார் அல்லவா, அந்த வயதான லைன்மேன், அவர்தான் அன்றைக்கே வயர் இழுத்து, கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்தார். இப்போது ஸ்டோர் ரூமிலும் மணி அடிக்கிறது. ஒரு கையில் ரிசீவர், ஒரு கையில் பாட்டில். நேற்று ஒருத்தர், “எவ்வளவு நேரமா சொல்றீங்க, எப்பதான் வரும்?” என்று கத்தினார். “வந்துக்கிட்டே இருக்கு சார், கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருது” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்குக் கிடைத்த விடுதலை இவ்வளவுதான் என்று வைத்துக்கொள், ஓடிப்போகிற இடத்துக்கும் போன் வந்துவிட்டது. ஆனால் தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கிறது.

இப்போது உன் விஷயம். அப்பா “அவ வந்தா உனக்கு ஒரு கை ஆகும்ல” என்கிறார். ஆகும். ஆகாதா? உண்மையைச் சொல்கிறேன், ‘உடனே புறப்பட்டு வா’ என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் அதைக் கிழித்துப் போட்டேன். நீ வந்து அவனைத் தூக்கிக்கொண்டால் நான் ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கலாம், உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஊர் வம்பு பேசலாம். ஆசை இல்லையென்று யார் சொன்னது. ஆனால் நீ வந்தாலும் பால் நான்தான் கொடுக்க வேண்டும், கடி நான்தான் வாங்க வேண்டும். நீ செய்யப்போவது இந்த இரண்டு அறை வீட்டில் என் பக்கத்தில் இன்னொருத்தியாக உட்கார்ந்திருப்பது. எனக்காவது இது ஒரு நாள் முடியும், அவன் நடப்பான், சோறு தின்பான், என்னைத் தள்ளிவிட்டு ஓடுவான். நீ இறங்கிவிட்டால் அந்தப் பாலத்தில் உன்னைத் திரும்ப ஏற்றுவார்களா? பற்றவைத்த இரும்பில் முடி அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, பயத்தை மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். பெருமையை இப்போது சொல்லிக்கொள்கிறேன். தம்பிக்காக, அம்மாவுக்காக என்று நீ இறங்கி வந்தால், அவன் கடிக்கிறபோதெல்லாம் எனக்கு இரண்டு பேர் கடிக்கிற மாதிரி இருக்கும். அதைத் தாங்க எனக்கு முடியாது. வேண்டாம். லீவு போட்டு வா. வந்து இரு, அவனைக் கொஞ்சு, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு, திரும்பிப் போ. விருந்தாளியாக வருகிற மகள்தான் எனக்கு வேண்டும்.

அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு, கோபித்துக்கொள்ளாதே, பஸ் விஷயம் நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். குளிர்காலத்தில் ஈரத் தலையோடு மேலே ஏறாதே. கயிற்றை அடுத்தவர் சரிபார்த்தாலும் நீயும் ஒரு தடவை இழுத்துப் பார். உயரத்தில் நிற்கிறபோது காற்று உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும், கீழே நிற்கிறபோது மனிதர்கள் நடந்துகொள்ளட்டும், உன் நாட்கள் உன் கையில் இருக்கட்டும், இதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். ராஜினாமா விஷயத்தில் என்ன செய்தாய் என்று உடனே எழுது, போனில் சொல்லாதே, போனில் நீயும் என் குரலில்தான் பேசுகிறாய்.

எழுந்துவிட்டான், கூப்பிடுகிறான். தூக்கிக்கொண்டு வந்து இதை முடிக்கிறேன். வலது பக்கம் குடித்துக்கொண்டிருக்கிறான், அவன் தலை வலது கையில் இருக்கிறது, இந்த வரிகள் இடது கையால் எழுதியவை. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், நான் அழுததாக நினைத்துக்கொண்டு டிக்கெட் எடுத்துவிடாதே.

உன் அம்மா